காணித் தரகருக்குப் பாடசாலை எங்கே?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது, கடையை மூடுவதற்குச் சற்று முன்னர், எமது ஊர் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையடக்கத் தொலைபேசிக் கடையொன்றில் நான்கு வருடம் வேலை செய்தவர். இப்போது அதை விட்டுவிட்டுக் காணித் தரகு செய்யத் தொடங்கியிருக்கிறார். "நானா, இதைப் படிச்சிக் குடுக்கிற இடம் ஏதும் ஈக்கா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் ஆதன முகாமைத்துவமும் மதிப்பீடும் என்றொரு பட்டப்படிப்பே இருக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிளும் போனுமாகத் தரகுக்கு இறங்கும் எம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகப் போகிறார்கள்? அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் இப்பத்தியில் எழுதுகிறேன். அது எனக்கு இலவசமாகக் கிடைத்த பாடமல்ல. இன்னொருவருடைய பணத்தில் நான் படித்த பாடம்.

நான் அடிப்படையில் ஹாட்வெயார் வியாபாரி. வாப்பாவுக்குப் பின் கடையைப் பொறுப்பேற்றபோது எனக்கு இருபத்தைந்து வயது கூட நிரம்பவில்லை. சீமெந்தும் கம்பியும் வாங்க வருபவர்கள் காணியைப் பற்றியும் பேசுவார்கள். யார் விற்கிறார், யார் வாங்கத் தேடுகிறார் என்பது கடை மேசைக்கே வந்து சேரும். அப்படித்தான் பக்கத் தொழிலாகத் தரகு ஒட்டிக்கொண்டது. வாரத்தில் ஒரு நாள் குருநாகல் காணிப் பதிவகத்துப் பக்கம் போவேன். அருகில் தரகர்கள் கூடும் தேநீர்க் கடையொன்று இருந்தது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று ஏழெட்டுப் பேர் எப்போதும் இருப்பார்கள். நானும் போய் ஓர் ஓரமாக உட்காருவேன்.

1998ஆம் ஆண்டு. சவூதியில் பதினொரு வருடம் சாரதியாக உழைத்துத் திரும்பிய ஒருவர் வீடு கட்ட இடம் தேடினார். இரண்டு ஏக்கர் தென்னங்காணி ஒன்றில் ஒரு பங்காளி தன் பங்கை விற்கத் தயாராக இருந்தார். 18 பேர்ச்சஸுக்குச் சமமான பிரிபடாத பங்கு. பேர்ச் 35,000 ரூபாவாக 630,000 ரூபாவுக்குப் பேசி முடித்தேன். பெப்ரவரியில் பதிவேட்டுப் பிரதி எடுத்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. வாங்குபவர் மனைவியின் நகையை விற்று மிகுதியைத் திரட்ட மூன்று மாதம் சென்றது. மே மாதம் நொத்தாரிஸ் முன்னிலையில் உறுதி எழுதப்பட்டது. எனது தரகு இரண்டு வீதம், 12,600 ரூபா, அன்று மாலையே என் மேசை லாச்சிக்குள் வந்து சேர்ந்தது.

அந்த மூன்று மாதத்துக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. ஏப்ரலில் இன்னொரு பங்காளி மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குத் தாக்கல் செய்து, வழக்கு நிலுவையில் உள்ளதென்ற அறிவித்தலையும் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டார். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டம் இந்த விடயத்தில் மிகவும் கடுமையானது. அந்த அறிவித்தல் பதியப்பட்ட பிறகு, வழக்கு முடியும் வரை, எந்தப் பங்காளியும் தன் பிரிபடாத பங்கை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. விற்றாலும் அந்த உறுதி செல்லாது. வாங்கியவர் நல்லெண்ணத்துடன் வாங்கினாரா, முழுப் பணமும் கொடுத்தாரா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பெப்ரவரியில் எடுத்த பிரதியை நம்பி மே மாதம் உறுதி எழுதியது எங்கள் குற்றம். எழுதுவதற்கு முதல் நாள் இன்னொரு தடவை பதிவேட்டைப் பார்த்திருந்தால் சில மணித்தியால வேலைதான்.

விற்றவரிடம் போனோம். மகளின் கலியாணத்துக்குப் பணத்தைச் செலவழித்துவிட்டார். அவரும் ஏமாற்ற நினைத்தவரல்லர், வழக்கு அழைப்பாணை அவருக்கு வந்ததே உறுதி எழுதிய பிறகுதான் என்றார். வாங்கியவர் என்னைத் திட்டவில்லை. கடைக்கு வந்து அந்த வாங்கில் அமர்ந்து, "இனி என்ன செய்ற நானா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். தரகுப் பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அதனால் அவருக்கு வீடு வந்துவிடுமா?

இதைச் சுமந்துகொண்டுதான் அடுத்த வாரம் தேநீர்க் கடைக்குப் போனேன். அங்கே வழமையாக வரும் மூத்த தரகர் ஒருவர், அப்போதே அறுபதைத் தாண்டியவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அந்தத் தோட்டத்துக்கு வழக்குப் போட்டது எனக்குத் தெரியும் தம்பி. வழக்குப் போட்டவர் பதிவேடு பார்க்க வந்த நேரம் நானும் இருந்தேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "தெரிஞ்சா ஏன் நானா ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"நீங்க அந்தக் காணியில வேலை செய்றது எனக்கு எப்படித் தெரியும்? இந்த ரெண்டு வருஷத்தில நீங்க எங்கட ஆக்களுக்கு ஒரு கதயாவது சொல்லி ஈக்கீங்களா? வருவீங்க, பிளேன்டி குடிப்பீங்க, காதை நீட்டிட்டு இருப்பீங்க, எழும்பிப் போவீங்க."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நான் அங்கே போனது கேட்பதற்காக மட்டும்தான். என்னிடம் உள்ள காணியை இன்னொருவர் தட்டிப் பறித்துவிடுவாரோ என்ற பயத்தில் எதையும் வாய் திறந்து சொன்னதில்லை. 'எந்தத் தோட்டம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னைத் தடுத்திருப்பார். வியாபார இரகசியம் என்று நான் பூட்டி வைத்திருந்தது, உண்மையில் என் அறியாமையைத்தான் பூட்டி வைத்திருந்தது.

இங்கே ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ன இடத்தில் இன்ன விலைக்கு இன்னார் விற்கிறார் என்பது தரகரின் சரக்கு. அதைச் சந்தியில் வைத்துக் கத்தத் தேவையில்லை. ஆனால் இந்தத் தோட்டத்துக்கு வழக்கு இருக்கிறது, அந்தப் பக்கம் வயல் நிரப்பிய மண், இந்த வீதியை அகலிக்க அளந்துவிட்டார்கள் என்பவை தொழிலின் அறிவு. முன்னதைக் கொடுத்தால் குறையும். பின்னதைக் கொடுத்தால் குறையாது, திரும்பியும் வரும். எம்மவர்கள் பலர் இரண்டையும் ஒரே லாச்சியில் போட்டுப் பூட்டுகிறார்கள்.

அன்றிலிருந்து நானும் கொடுக்கத் தொடங்கினேன். என்னிடம் கொடுக்க என்ன இருந்தது? சட்டம் தெரியாது. ஆனால் ஹாட்வெயார்காரனுக்கு மண் தெரியும். எந்தக் காணியில் அத்திவாரம் போட்டவர் கணக்கை விட இரண்டு மடங்கு கம்பியும் சீமெந்தும் வாங்கினார் என்பது என் பில் புத்தகத்தில் இருக்கும். ஒருமுறை ஒரு தரகர் புளோக் பண்ணிய காணியொன்றைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கு லொறி லொறியாகக் கிரவல் போனதை நான் கண்டிருந்தேன். "அது வயல். நிரப்ப அனுமதி எடுத்தார்களா என்று பாருங்கள்" என்றேன். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. அனுமதி இல்லாத இடத்துக்குக் கட்டிட அனுமதி எடுப்பதும் பெரும் பாடு. அவர் போய்ப் பார்த்தார், அனுமதி இருக்கவில்லை. அவருக்கு அந்த வியாபாரம் போனது. ஆனால் அதன் பிறகு அவர் அறிந்த எதையும் என்னிடம் மறைத்ததில்லை.

மூத்த தரகரிடம் நான் கற்றவற்றை எழுதப் போனால் பத்திரிகை போதாது. ஆனால் எமது சமூகத்தவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு முஸ்லிம் குடும்பத்தின் காணி விலைக்கு வந்தால் அவர் உறுதியைக் கேட்கமாட்டார். முதலில், "வாப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்பார். அடுத்து, "எத்தனை பொம்பளப் பிள்ளைகள், எங்க கட்டிக் குடுத்தீங்க?" என்பார். காரணம் இதுதான். எங்களில் ஒருவர் மரண சாசனமின்றி மரணித்தால் அவரது ஆதனம் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமில்லாதோர் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி எமது மார்க்கச் சட்டத்துக்கு அமையப் பிரிகிறது. மகளுக்கு மகனின் பங்கில் பாதி. மனைவி உயிருடன் இருந்தால் அவருக்கும் பங்கு. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? சகோதரிமாரைத் திருமணம் செய்து அனுப்பியதோடு கணக்கு முடிந்ததென்று சகோதரர்கள் இருவர் சேர்ந்து முழுக் காணிக்கும் உறுதி எழுதிவிடுகிறார்கள். வாங்கியவர் சகோதரர்களின் பங்கை மட்டுமே வாங்கியிருக்கிறார். சகோதரிமாரின் பங்கு அப்படியே அவர்களிடம் இருக்கிறது.

"அவங்க போய் முப்பது வருஷம் ஆச்சே, பத்து வருட ஆட்சி உரிமை வராதா?" என்று விற்பவர்கள் வாதிடுவார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் பங்காளிகளுக்கிடையில் அது அவ்வளவு இலகுவாகச் செல்லாது. கோரியா எதிர் அப்புஹாமி என்ற வழக்கில் 1911இல் பிரிவி கவுன்சில் கொடுத்த தீர்ப்பை இன்றும் எமது நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன. ஒரு பங்காளியின் ஆட்சி, சட்டத்தின் பார்வையில் எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே. மற்றவர்களின் உரிமையை மறுத்து வெளியேற்றியதற்கு ஒப்பான செயலொன்றைக் காட்டாமல், 'நான் தனியே பத்து வருடம் இருந்தேன்' என்பது போதாது. ஆகவே வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு தங்கையின் கையொப்பத்துக்காக இரண்டு பஸ் ஏறிப் போவது வீண் அலைச்சலல்ல. அதில் உரிமைக்காரியின் உரிமையும் பாதுகாக்கப்படுகிறது, வாங்குபவரின் பணமும் பாதுகாக்கப்படுகிறது. பாடப் புத்தகம் படித்தல்ல, தான் பட்ட மூன்று நான்கு வழக்குகளைக் கொண்டுதான் இதை அவர் எனக்குச் சொல்லித் தந்தார்.

இப்படிச் சக தரகர்கள் கூடி அமர்வது எங்கள் ஊர்த் தேநீர்க் கடையின் கண்டுபிடிப்பென்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காணித் தரகர்கள் தங்கள் உள்ளூர்ச் சங்கக் கட்டிடங்களில் ஒழுங்காகக் கூடி, தம்மிடம் விற்பனைக்குள்ள ஆதனங்களின் விபரத்தைப் பரிமாறிக்கொண்டார்கள். உனது சரக்கை நான் விற்றால் எனக்கு ஒரு பங்கு, எனது சரக்கை நீ விற்றால் உனக்கு ஒரு பங்கு என்பது ஏற்பாடு. 'மல்டிபிள் லிஸ்டிங்' என்று இன்று அங்கே கணினியில் ஓடும் முறையின் வேர் அதுதான். 1908 மே மாதம் சிக்காகோ நகரில் 120 உறுப்பினர்களுடன் ஒரு தேசியச் சங்கம் ஆரம்பிக்கப்பட்டது. ஐந்தே வருடத்தில், 1913இல், அவர்கள் தமக்கென்று ஓர் ஒழுக்கக் கோவையை எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் காணித் தரகர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்ற பெயர் அங்கேயும் இருந்தது.

ஆனால் அதே அமெரிக்கா இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. தரகர்கள் கூடினால் அறிவைப் பரிமாறலாம், விலையையும் கட்டலாம். இரண்டுக்கும் இடையில் மெல்லிய வேலிதான். விற்பவரே வாங்குபவரின் தரகருக்கும் கொமிஷன் கொடுக்கும் வழமையால் வீடு விற்பவர்கள் கூடுதல் தரகு கொடுக்க நேர்ந்தது என்று வழக்குப் போட்டார்கள். 2023 ஒக்டோபரில் மிசூரி மாநிலத்தில் ஜூரிகள் தரகர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். 2024 மார்ச்சில் அந்தத் தேசியச் சங்கம் 418 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள இணங்கியது. 2024 ஓகஸ்ட் 17 முதல் அந்தப் பொதுப் பட்டியல்களில் வாங்குபவரின் தரகருக்கு இவ்வளவு தருவோம் என்று போடுவது நின்றுபோனது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓர் அமைப்புக்கே இந்த நிலை.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தரகர்களின் கூட்டமும் இப்போது தேநீர்க் கடையிலிருந்து வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டது. மருமகன் என்னையும் ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார். ஒருநாள் அதில் ஒருவர், 'இனி இந்த வீதத்துக்குக் குறைய ஒருவரும் வேலை செய்யக் கூடாது' என்று போட்டார். கைதட்டும் படங்கள் வரிசையாக விழுந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை, எழுதினேன். பத்துப் பேர் கூடித் தரகைக் கட்டினால் அது வாடிக்கையாளருக்கு எதிரான கூட்டு. அதற்காக அல்ல நாங்கள் கூடியது.

அந்தக் குழுவில் பெரும்பாலும் வருவது என்ன? 'அவசர விற்பனை, 12 பேர்ச்சஸ், தண்ணீர் மின்சாரம் உண்டு.' அதே விளம்பரத்தை அதே ஆள் நாளைக்கு மூன்று தடவை போடுவார். இன்னொருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டார். இது பங்குபற்றுவதல்ல, சுவரில் நோட்டீஸ் ஒட்டுவது. இந்த ஆட்களின் விளம்பரத்தை நான் இப்போது திறந்து பார்ப்பதேயில்லை. மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அதே குழுவில் இன்னொரு தம்பி இருக்கிறார். விளம்பரம் மாதத்துக்கு ஒன்று போட்டால் அதிகம். ஆனால் யாராவது தடுமாறினால் வந்து நிற்பார். ஒருவர் ஏக்கரொன்றுக்கு முற்பணம் கொடுக்கப் போவதாகவும், உறுதிக்குப் பதிலாக அரச முத்திரையுடன் ஓர் அளிப்புப் பத்திரம் இருப்பதாகவும் எழுதினார். இந்தத் தம்பி பத்து நிமிடத்தில் பதில் போட்டார்: அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியாக இருக்கலாம், பிரதேச செயலாளரின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் கைமாற்ற முடியாது, முற்பணத்தை நிறுத்திவிட்டுப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். விசாரித்தபோது அப்படியேதான் இருந்தது. இவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்னர் இதே போன்றதொரு காணியில் தானே மாட்டிக்கொண்டாராம், வெட்கத்தை விட்டு அதைக் குழுவில் எழுதியபோது ஏனையவர்கள் விளக்கினார்களாம். இன்று ஏனைய தரகர்கள் வாங்குபவர் இருந்தால் முதலில் அழைப்பது அவரைத்தான்.

நான் சந்தித்த இளைஞருக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "எனக்கு ஒண்டும் தெரியாதே நானா, நான் என்னத்தைக் குடுக்கிற?"

தெரியாததைத் தெரியாதென்று தெளிவாகக் கேட்பதும் கொடுப்பதுதான். 'காணிப் பிரச்சினை, உதவி தேவை' என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 'வாப்பா 1994இல் மரணித்தார், ஆண் இருவர், பெண் மூவர், உறுதி வாப்பாவின் பெயரில், இருவர் மட்டும் கையொப்பமிடத் தயார்' என்று கேட்டால், அந்தப் பதிலால் இன்னும் இருபது பேர் படிப்பார்கள். பதில் கிடைத்தபின், போய் விசாரித்து என்ன நடந்தது என்பதைத் திரும்ப வந்து சொல்ல வேண்டும். இதைத்தான் எங்களில் ஒருவரும் செய்வதில்லை. காரியம் முடிந்ததும் காணாமல் போய்விடுகிறோம். அவர் போன் கடையில் இருந்தவர், காணியின் நில அளவைப் படத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்புவது எப்படி என்று எங்களைப் போன்ற வயதானவர்களுக்குச் சொல்லித் தந்தாலே பெரிய உபகாரம்.

ஒரு கண்டிப்பு மட்டும் சொன்னேன். கேள்வி கேட்கும்போது வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை, உறுதியின் முழுப் படம் எதையும் போடக் கூடாது. ஒரு விதவை கடன் நெருக்கடியில் காணியை விற்கிறார் என்பது அவர் எங்களை நம்பிச் சொன்னது. அது குழுவுக்குப் போனால் விலை அடுத்த நாளே விழும். அத்தோடு, குழுவில் எத்தனை பேர் ஒரே பதிலைச் சொன்னாலும் அது நொத்தாரிஸின் வேலைக்கு ஈடாகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டு, நொத்தாரிஸும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி விற்பனை செல்லாது. உறுதி எழுதியதும் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத உறுதியை வைத்திருப்பவர், பிறகு விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரிடம் தோற்றுப் போகலாம். சக தரகர் தருவது எங்கே பார்க்க வேண்டும் என்ற கைகாட்டல்தான். போய்ப் பார்ப்பது எங்கள் கால்களின் வேலை.

சவூதிக்காரரின் கதை என்னவாயிற்று என்று சிலர் கேட்கக் கூடும். பிரிவினை வழக்கு 2011ஆம் ஆண்டுதான் முடிந்தது. பதின்மூன்று வருடம் அவர் வாடகை வீட்டில் இருந்தார். விற்றவர் நேர்மையானவர், தனக்கு ஒதுக்கப்பட்ட துண்டை அவருக்கே புதிதாக உறுதி எழுதிக் கொடுத்தார். பாதை வெட்டியது போக 13 பேர்ச்சஸ் கிடைத்தது. வீட்டுக்கான சீமெந்தைக் கொள்விலைக்கே என் கடையிலிருந்து அனுப்பினேன். தீர்ப்பு வந்த செய்தியை எனக்கு முதலில் போன் பண்ணிச் சொன்னவர் அந்த மூத்த தரகர்தான். அப்போது அவர் தொழிலை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.